மீனம்பாக்கத்திலிருந்து மொட்டை மண்டபம் வரை

விமான நிலையத்திலிருந்து திருத்தணி மலைக்கு எப்படிப் போவது என்று இப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை. கைபேசியை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால், அதில் இருக்கிற அம்மணி வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். டிரைவர் தம்பிகளா, நீங்களும் மாமியார் வீட்டுக்குப் புதிதாகப் போன மாப்பிள்ளை மாதிரி அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வருகிறீர்கள். குறை சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒருத்தி கிடைக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கு மலைமேல் வண்டி விடமாட்டார்கள் என்பதை அவள் சொல்வாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. அதை அடிவாரத்தில் நிற்கிற போலீஸ்காரர் அழகான தமிழில் சொல்லித் தருவார். ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. நான் சொல்ல வந்தது பாதையைப் பற்றி இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களைப் பற்றி.

மற்ற ஊர்களில் வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்து இறங்கினால் நேரே வீட்டுக்குப் போவான், குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். நம் பக்கத்தில் அது நடக்காது. அவன் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே வீட்டில் யாராவது ஒருத்தர் மலையைப் பார்த்துக் கையெடுத்து எதையாவது வேண்டிக்கொண்டிருப்பார். அதனால் பெட்டி படுக்கையோடு, விமானத்தில் கொடுத்த தின்பண்டப் பொட்டலத்தோடு, வண்டி நேரே மலைக்குத்தான் வரும். எந்த வேண்டுதல், யார் செய்தது, அதை நிறைவேற்றப்போகிறவனுக்குத் தெரியுமா என்பதெல்லாம் வண்டிக்குள்தான் வெளியே வரும். அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனையும் யாராவது ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு சவாரியில், ஒரே நாளில் இரண்டு கட்சியிலும் இருந்தேன்.

அந்தச் சவாரிக்குக் கூப்பிட்ட அம்மாவை முதலில் பார்த்தது பொதட்டூர்பேட்டையில், அவர் வீட்டு வாசலில். உள்ளே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காது கேட்காதோ என்று இரண்டு முறை ஹாரன் அடித்தேன்.

"கேக்குது, கேக்குது. ஊரையே எழுப்பி உக்கார வெக்காதே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய துணிப்பையோடு வந்து ஏறினார். சின்ன உருவம். நெற்றியில் பெரிய பொட்டு. என்னைவிட வயது கொஞ்சம் கூட இருக்கும்.

மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் கதை முழுவதும் சொல்லிவிட்டார். கணவர் இல்லை. ஒரே மகன், பெயர் தணிகை. வளைகுடாப் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் வேலை. போனதிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக விடுப்பில் வருகிறான். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்தால், வீட்டு வாசப்படி மிதிப்பதற்கு முன்னால் முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டுதல்.

"பையனுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"வந்து தெரிஞ்சுக்கட்டும். இன்னா அவசரம்?" என்றார். "அவன் முடி எறங்கற வரைக்கும் என் பல்லுல பச்சத் தண்ணி படாது தம்பி. விரதம்."

காலை வெயில் அப்போதே சுட்டது. பாவம், நாள் முழுக்கப் பட்டினியா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவரை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிக் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு தூண் ஓரமாக, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தணிகை தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். நல்ல வாட்டசாட்டமான பையன். நெளிநெளியாக அடர்ந்த முடி, பக்கவாட்டில் படிய வாரிவிட்டிருந்தான். அந்த அம்மா ஓடிப்போய் அவன் தலையைத் தடவக் கையைத் தூக்கினார். அவன் சட்டென்று குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதையுள்ள பிள்ளையா என்று நான் உருகிப்போனேன்.

வண்டியில் ஏறும்போது அவர் சொன்னார்: "பின்னால வா நைனா. என் மடியில தல வெச்சுப் படு. தூங்கியே இருக்க மாட்டே."

"வேணாம்மா, முன்னால உக்காந்தா ஊரப் பாத்துகினு வரலாம்" என்று சொல்லி என் பக்கத்தில் ஏறிவிட்டான்.

ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவன் பல்லாவரம் வந்தும் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் பின்னாலிருந்து குண்டு விழுந்தது.

"நேரா மலைக்குத்தான் போறோம். உனக்கு மொட்ட."

பையன் இருக்கையிலேயே திரும்பிவிட்டான். "இன்னாம்மா சொல்றே? போன்ல ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!"

"சாமி விசயத்த எல்லாம் போன்ல சொல்லுவாங்களா?"

"ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்கப் போறோம்னு நீதானே சொன்னே? மொட்டத் தலையோடவா போவாங்க?"

"அந்தப் பொண்ணு உன்னக் கட்டிக்கப் போவுதா, உன் முடியக் கட்டிக்கப் போவுதா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். பையன் கொஞ்ச நேரம் கெஞ்சினான், கொஞ்ச நேரம் கோபப்பட்டான். கல்யாணம் முடிந்து இரண்டு பேருமாக வந்து கொடுக்கிறோம் என்று பேரம் பேசினான். எல்லாவற்றுக்கும் பின்சீட்டிலிருந்து ஒரே பதில்தான் வந்தது: வேண்டியது வேண்டியதுதான்.

மதுரவாயல் பக்கம் ஒரு சிக்னலில் நின்றபோது, அவன் தன் கைபேசியில் என்னவோ தட்டி, அம்மா கண்ணில் படாமல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டினான். 'அண்ணா, லேட் பண்ணுங்க. மண்டபம் மூடிடணும்.'

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் பொய்கைப் பக்கம் இருக்கிற மொட்டை மண்டபத்தில் இருட்டினால் கத்தியை எடுத்து வைத்துவிடுவார்கள். பையன் அன்றைக்குத் தப்பித்துவிட்டால், பெண் பார்க்கிற சாக்கைச் சொல்லி விடுப்பு முடிகிறவரை இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. பெண் பார்க்கப் போகிற வயதில் முடி எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியாதா? கண்ணைச் சிமிட்டினேன். அந்த நிமிடத்தில் பையன் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பூந்தமல்லி தாண்டியதும் வேலையை ஆரம்பித்தேன். ரோட்டில் வேலை நடக்கிறது, சல்லி கிடக்கிறது, டயருக்கு ஆகாது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு உருட்டினேன். லாரிகள் தாண்டிப் போயின. ஷேர் ஆட்டோ தாண்டிப் போனது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

"தம்பி, அதோ சைக்கிள்ல தேங்கா மூட்ட கட்டிகினு ஒருத்தன் வரான் பாரு. அவனுக்கும் வழி வுட்டுடு, பாவம்" என்றார்.

தணிகை இருமினான். நான் கொஞ்சம் வேகத்தைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது.

திருவள்ளூரை நெருங்கும்போது அடுத்த அஸ்திரத்தை எடுத்தேன். ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, இஞ்சின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்று சொல்லி பானெட்டைத் தூக்கிவிட்டேன். டிரைவர்களுக்குக் கடவுள் கொடுத்த திரை அது. அதைத் தூக்கிவிட்டால் பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. அந்த அம்மா இறங்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டேன். விரதம் என்று கையை ஆட்டிவிட்டார்.

பையனும் நானும் பானெட்டுக்கு முன்னால் நின்று டீ குடித்தோம். "கவலப்படாதே தம்பி, முடிய காப்பாத்திடலாம். பொண்ணு கண்ண எடுக்காம பாக்கும்" என்று அவன் தோளில் தட்டினேன்.

அவன் சிரிக்கவில்லை. "முடிக்காக இல்லண்ணா" என்றான். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குனிந்து, பக்கவாட்டில் படிய வாரியிருந்த முடியை விரலால் ஒதுக்கிக் காட்டினான்.

காதுக்கு மேலே ஆரம்பித்து உச்சிவரை ஒரு தழும்பு. தையல் போட்ட தடம் இரண்டு பக்கமும் தெரிந்தது.

"கெடங்குல மேல அடுக்கி வெச்சிருந்தது சரிஞ்சு வுழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில ரொம்ப நாளு இருந்தேன். மொதல்ல கொஞ்ச நாளு நெனவே இல்ல. இப்ப ஒண்ணும் இல்லண்ணா, நல்லா இருக்கேன். ஆனா அம்மாவுக்கு எதுவும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எங்கப்பா செத்தப்ப அவங்க எழுந்து உக்காரவே ரொம்ப நாளாச்சு. சோறு எறங்கல, பேச்சு இல்ல. பக்கத்து வூட்டுக்காரங்க இவங்களும் போயிடுவாங்கன்னே சொன்னாங்க. இத்தப் பாத்தா தாங்க மாட்டாங்கண்ணா. நான் அடுத்த மாசம் திரும்பிப் போயிடுவேன். அவங்க தனியா கெடந்து நெனச்சுகினே இருப்பாங்க."

விமான நிலையத்தில் சட்டென்று குனிந்து காலைத் தொட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையில் கை படாமல் தப்பிக்கத்தான். மடியில் படுக்காததும் அதற்குத்தான். காலையிலிருந்து நான் வேடிக்கையாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் வேடிக்கையே இல்லை. இனி எப்படியாவது இந்தப் பிள்ளையின் தலையைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

தம்பிகளா, இங்கேதான் கவனிக்க வேண்டும். விளையாட்டுக்குப் பொய் சொல்கிறபோது நாம் நன்றாகச் சொல்வோம். மனசு உருகிச் சொல்கிற பொய் எப்போதுமே சொதப்பும். நான் பானெட்டை மூடிவிட்டு வண்டியில் ஏறி, கேட்காமலேயே சொன்னேன்: "அம்மா, நேர் ரோட்ல கூட்டமா இருக்காம். மணவூரு வழியா ஒரு குறுக்கு வழி இருக்குது, அதுல போயிடலாம்."

"ஆங், போ" என்றார்.

மணவூர் வழி குறுக்கு வழி இல்லை. அதில் இருக்கிற ஒரே வசதி ரயில்வே கேட்டுதான். சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் ஓடுகிற மின்சார ரயில், விரைவு வண்டி, சரக்கு வண்டி எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். கேட்டு மூடினால் பாதி நாள் போய்விடும் என்று அவசரக்காரர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். நான் ஆசையாகப் போனேன். முருகன் என் பக்கம்தான் இருந்தார் போலிருக்கிறது, போய்ச் சேரவும் கேட்டு இறங்கவும் சரியாக இருந்தது.

ஒரு மின்சார ரயில் போனது. கேட்டு திறக்கவில்லை. எதிர்ப் பக்கம் ஒன்று வந்தது. பிறகு ஒரு சரக்கு வண்டி, போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத மாதிரி ஊர்ந்தது. தணிகை அதன் பெட்டிகளைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது.

நான் இறங்கி, பின்பக்கக் கதவருகில் போய், வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: "இப்பிடி மாட்டிகினோமே அம்மா. மண்டபம் மூடிடுவாங்க போலக்குதே. இன்னிக்கு வூட்டுக்குப் போயிட்டு இன்னொரு நாளு..."

"மூடினா மூடட்டும். இன்னா இப்ப?" என்று துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்து வைத்த போர்வை இருந்தது. "அடிவாரத்துல சத்திரத்துல படுத்துக்கலாம். காலையில மொத ஆளா தலையக் குடுத்துட்டு, மேல போயி சாமியப் பாத்துட்டு, வூட்டுக்குப் போவலாம். நாளைக்கு வரைக்கும் நான் பசி தாங்குவேன் தம்பி. தெம்பு இருக்குது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். முகம் வாடிக் கிடந்தது. நான் செய்த ஒவ்வொரு தாமதமும் இந்த மனுஷியின் பட்டினியில்தான் போய் ஏறுகிறது. நாளை வரைக்கும் இழுத்தாலும் கத்தி அங்கேயேதான் இருக்கும், தலையும் இங்கேயேதான் இருக்கும். நடுவில் இவர் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?

கேட்டு ஓரமாகத் தணிகையைக் கூப்பிட்டேன். "இனிமே ஆவாது தம்பி. நான் நேரா வுடப் போறேன்."

"அண்ணா, நீங்களாவது பக்குவமா அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

"வண்டி ஓட்டறது என் வேல. அம்மாகிட்ட சொல்றது புள்ள வேல. மண்டபம் வர்றதுக்குள்ள நீயே சொல்லிடு. கத்தி பட்டு அவங்க கண்ணுக்குத் தெரியறதவிட, உன் வாயால தெரியறது மேலு."

அவன் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் இரண்டு காதில் ஓதும்போது, யார் சொல்வது நியாயம் என்று நாம் வண்டிக்குள் பஞ்சாயத்து வைக்கக் கூடாது. யாருக்கு இப்போதே உடம்பு நோகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும். நான் உங்களுக்குச் சொல்லித்தர ஏதாவது இருக்கிறது என்றால் அது இதுதான். அந்தக் கணக்கையும் அன்றைக்கு நான் எவ்வளவு அழகாகத் தப்பாகப் போட்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேட்டு திறந்ததும் வண்டி பறந்தது. கனகம்மாசத்திரத்தில் பெரிய ரோட்டைப் பிடித்தோம். தணிகை பின்னால் திரும்பினான்.

"அம்மா..."

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. கொய்யாப்பழம் விக்கறாங்க. வாங்கட்டுமா?"

"விரதம்டா."

திரும்பி உட்கார்ந்துகொண்டான். மலை கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னொரு தடவை வாயைத் திறந்தான். அந்தத் தடவை ஏசி ரொம்பச் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டான். நான் ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளாத குறைதான்.

மண்டபம் திறந்திருந்தது. கூட்டமும் இல்லை. ஒரு குழந்தை அலறிக்கொண்டு வெளியே வந்தது, அவ்வளவுதான். டோக்கனை வாங்கிக்கொண்டு வந்து தணிகை பலகையில் உட்கார்ந்தான். நான் அந்த அம்மாவுக்குப் பின்னால், விழுந்தால் பிடித்துக்கொள்கிற தூரத்தில் நின்றேன். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வேறு தயாராக வைத்திருந்தேன்.

முடி எடுப்பவர் அவன் தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். தேய்த்த கை ஓர் இடத்தில் நின்றது. விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். தணிகை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பாத்து, மெதுவா எடுங்க" என்றார் அந்த அம்மா.

அந்த இடத்தைச் சுற்றி முதலில் எடுத்தார். முடி கொத்துக் கொத்தாக ஈரத்தோடு விழுந்தது. தழும்பு முழுதாக வெளியே வந்தது. மண்டப விளக்கில் டீக்கடையில் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நான் பாட்டில் மூடியைத் திறந்தேன்.

அந்த அம்மா மயங்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தார். காதுக்கு மேலிருந்து உச்சிவரை ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். முடிந்த இடத்தில் நிறுத்தினார்.

"இவ்ளோதானா?" என்றார்.

தணிகை கண்ணைத் திறந்தான்.

"இவ்ளோதானாடா? நான் பாதி மண்டையே இல்லியோன்னு இருந்தேன்டா!"

சொன்னதும் அவருக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஈரத் தலையை அப்படியே வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வெட்டின முடியெல்லாம் புடவையில் ஒட்டிக்கொண்டது. பையனும் அழுதான். முடி எடுப்பவர் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் மயங்கி விழுகிறவருக்காக வைத்திருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்? யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? தெனம் வீடியோவுல வந்துகினு இருந்தவன் திடீர்னு வெறும் குரல்ல பேசனே. கேட்டா சிக்னல் இல்லன்னே. அப்புறம் வீடியோவுல வந்தப்ப தொப்பி போட்டுகினு வந்தே. ராத்திரி படுக்கையில எவன்டா தொப்பி போடுவான்? முடி வளந்தப்புறம்தான் கழட்டினே. எத்தினி வாட்டி கேட்டேன், உடம்புக்கு இன்னாடான்னு? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு அதையே சொன்னே. நேர்ல வந்தாலும் அதத்தான் சொல்லுவே. தலையத் தொடலாம்னா கால்ல வுழறே."

தணிகை மூக்கை உறிஞ்சினான். "அதுக்காக இப்பிடி வேண்டிக்கணுமாம்மா?"

"எங்கடா வேண்டிக்கினேன்?"

அவன் அவரைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற எப்பிடிடா உன் தலையப் பாக்கறது? சாமி பேரச் சொன்னாத்தான் நீ தலையக் குடுப்பே."

"அப்ப விரதம்?" என்று கேட்டது நான்தான். என் குரல் எனக்கே கேவலமாக ஒலித்தது.

"நீ வண்டி நிறுத்தப் போனியே தம்பி, அப்ப தூணு பக்கம் உக்காந்து நாலு இட்லி சாப்ட்டேன். கட்டிகினு வந்தது. சட்னிதான் கொஞ்சம் புளிச்சுப் போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பசின்னு சொன்னாத்தானே நீ நேரா ஓட்டுவே? சைக்கிள்காரன் தாண்டிப் போறான், இன்ஜினு சூடாவுதுன்னு சொல்றே, பானெட்டத் தூக்கினா ஒரு பொட்டு ஆவியக் காணோம், குறுக்கு வழின்னு மணவூரு கேட்டுல கொண்டாந்து வெக்கறே. நான் இந்த ரோட்டுல சேல மூட்டையோட எத்தினி வாட்டி மெட்ராஸ் போயி வந்திருக்கேன் தெரியுமா?"

நான் மண்டபத்துக் கூரையை ஆராய்ந்தேன். நல்ல கூரைதான்.

முடி எடுப்பவர் மீதித் தலையையும் முடித்துச் சந்தனம் தடவினார். தணிகை எழுந்து நின்றான். மொட்டைத் தலையில் அவன் கொஞ்சம் இளைத்த மாதிரி, சின்னப் பையன் மாதிரி இருந்தான். திரும்பிப் போக வேண்டாம் என்று அவன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் டாக்டரிடம் காட்டிவிட்டு வா, அவர் போகலாம் என்றால் போ, இனிமேல் எது நடந்தாலும் முதல் போன் எனக்கு என்று மட்டும் சொன்னார். அவன் சரி என்று அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவன் பயந்த மாதிரி அவர் உடைந்துபோகவில்லை. இத்தனை மாதமாகத் தெரியாமல் இருந்ததுதான் அவரை வாட்டியிருக்கிறது. தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

பிறகு அவர் புடவையில் இருந்த முடியைத் தட்டிவிட்டு, காலியான பலகையில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்கும்மா உக்கார்றே?" என்றான் தணிகை.

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னேன் இல்ல? சும்மா போவ முடியுமா? மூணு கத்தை குடுத்துட்டு வரேன்." கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டார். முடி எடுப்பவர் கத்திரிக்கோலால் பக்தியாக மூன்று கத்தை எடுத்துக் கூடையில் போட்டார்.

எழுந்து கொண்டையை முடிந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். "என்னுது ஒரே பொய்யி தம்பி, மூணு கத்தையோட போச்சு. நீ காலையிலேந்து எத்தினி சொன்னே?"

ரோட்டில் சல்லி, இஞ்சின் சூடு, மணவூர்க் குறுக்கு வழி, கேட்டில் வைத்திருந்த வருத்த முகம் என்று நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். தணிகை என் இரண்டு தோளையும் பிடித்துப் பலகையில் அழுத்தி உட்கார வைத்தான். நான் எண்ணி முடிப்பதற்குள் முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டார்.